துணி நோகாத பொத்தான்

தாக் மன்சுவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பெயர் வைத்தது அவர்களுடைய அப்பா. மூத்தவன் சொன்சு, ஆயிரம் ஆண்டு. இளையவன் மன்சு, பத்தாயிரம் ஆண்டு. நெத்திலிப் படகில் போய்க்கொண்டிருந்த மனிதர் அவர். கடல் யாரை எப்போது கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகளுக்குப் பெயரிலாவது ஆயுளைக் கட்டிப்போட்டு வைப்போம் என்று நினைத்திருப்பார்.

ஆயிரம் ஆண்டு முப்பத்து மூன்றோடு முடிந்துவிட்டது. சொன்சு ஒரு விடுமுறை நாளில் மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், அவ்வளவுதான். குடிப்பழக்கம் இல்லை, நோய் நொடி இல்லை. தூக்கத்திலேயே எமன் தொட்டுவிட்டுப் போய்விட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது.

மன்சு பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கொரியாவின் தென்கரையில் இருக்கும் எங்கள் தோங்யோங்கில் யார் வீட்டில் அறுபது, எழுபது என்று பிறந்தநாள் விருந்து நடந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மைக்கைப் பிடித்து விருந்தை நடத்துவார். பழைய பாட்டுகளை உருகி உருகிப் பாடுவார். முட்டி வலிக்கிறது என்று மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளைக்கூட எழுப்பி ஆட வைத்துவிடுவார். கடைசியில் கோப்பையை உயர்த்தி, "என் பேரே பத்தாயிரம் வருஷம். நானே நேர்ல வந்து பாடிட்டேன், இனி எமன் எப்படி உங்க வாசப்படி மிதிப்பான்?" என்பார். எல்லா விருந்திலும் அதே வேடிக்கைதான். எல்லா விருந்திலும் சிரித்தார்கள்.

அவர் மனைவி மிரான், சந்தைக்குப் பின்தெருவில் ஹன்போக் என்னும் பாரம்பரிய உடுப்பு தைக்கும் கடை வைத்திருக்கிறாள். அடுத்த கடை என்னுடையது, அரிசி மாவுப் பணியாரக் கடை. இருபது வருஷப் பழக்கம். நான் இங்கே சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி அவளே என்னிடம் சொன்னது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. யாராவது கேட்டால் மன்சு தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, "இந்த ஒரு புள்ளைய வளக்கவே இவளுக்கு நேரம் பத்தல" என்பார்.

அப்பாவின் நினைவுநாளுக்கு எல்லாரும் அக்கா மல்சுன் வீட்டில் கூடியிருந்தபோதுதான் மன்சுவுக்கு முதல்முறை வந்தது. படையலுக்கு முன்னால் குனிந்து வணங்கியவர் நிமிரவில்லை. மல்சுன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர். நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பதை அங்கே பழக்கியிருந்தார்கள். தம்பியை மல்லாக்கத் தள்ளி, படையல் தட்டுகளைக் காலால் உதைத்து ஒதுக்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இருந்தார். "சொன்சு, இவன விட்டுட்டுப் போடா! இவன விட்டுட்டுப் போடா!" என்று செத்துப்போன தம்பியிடம் கத்திக்கொண்டே அழுத்தினாராம். மன்சு பிழைத்தார். இரண்டு விலா எலும்பு ஒடிந்திருந்தது. அதற்குப் பிறகு அக்காவை எங்கே பார்த்தாலும், "ஐயோ, விலா ஒடிக்கிற பொம்பள வருது" என்று நெஞ்சைப் பொத்திக்கொள்வார்.

பரம்பரையாக வரும் கோளாறு என்றார்கள். இதயம் நன்றாகத்தான் இருக்கும். காய்ச்சல் வந்தாலோ, வயிறு முட்டத் தின்றுவிட்டு அசந்து படுத்தாலோ, திடீரென்று துடிப்பு தாறுமாறாகி ரத்தம் போகாமல் நின்றுவிடும். மாத்திரைக்குக் கேட்காது. இடது தோள் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். பேஸ்மேக்கருக்கு அண்ணன் மாதிரி. சும்மா கிடந்து கவனித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு கெட்டால் உள்ளேயிருந்து மின்சாரத்தால் ஓங்கி ஓர் அடி அடித்துச் சீராக்கும்.

மிரான் அன்றிலிருந்து வீட்டையே மாற்றினாள். மின்சாரக் கம்பளி போனது. செல்போனை அவர் இடது சட்டைப் பையில் வைத்தால் கையைத் தட்டிவிடுவாள். காந்தம் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால், குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பொம்மைகளைக்கூடப் பிய்த்து எறிந்தாள். தையற்கடையில் தரையில் சிந்தும் ஊசிகளைப் பொறுக்க லாட வடிவில் ஒரு சிவப்புக் காந்தம் வைத்திருந்தாள். அதை என்னிடம் கொடுத்து, "நீ வெச்சுக்க, இல்லன்னா கடல்ல போடு. என் கண்ணுல படக்கூடாது" என்றாள். அதற்குப் பிறகு தவழ்ந்து தவழ்ந்து விரலால்தான் ஊசி பொறுக்குவாள்.

அந்தக் குளிர்காலத்தில் மன்சு லேசான காய்ச்சலோடு ஒரு விருந்துக்குப் போனார். நடுப்பாட்டில் கருவி அடித்துவிட்டது. குதிரை உதைத்த மாதிரி இருந்தது என்றார். அதுதான் அன்று அவரைக் காப்பாற்றியது, காய்ச்சலால் வந்தது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மன்சு நம்பவில்லை. அந்த நேரத்தில் கையில் கம்பி வைத்த மைக் இருந்தது. மைக்கிலிருந்துதான் கரண்ட் பாய்ந்தது என்று மனதில் பதிந்துவிட்டது. அன்றோடு பாட்டு நின்றது. விருந்துக்காரர்கள் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவார். மிரான் தைத்த துணிகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்துக்கொண்டு கடையில் இருந்தார். குளிக்கும்போதுகூட ஒரு முணுமுணுப்பு கிடையாது. அடுத்த கடையில் இருந்த எனக்கே அந்த மௌனம் காதை அடைத்தது. மிரானுக்கு எப்படி இருந்திருக்கும்?

"உசிரோட இருக்காருல்ல, போதும்" என்பாள். போதவில்லை என்று முகத்தில் எழுதியிருக்கும்.

இப்படி இரண்டு வருஷம். பிறகு சிப்பி விற்கும் ஒக்பூன் தன் எழுபதாம் பிறந்தநாளுக்கு உடுப்பு அளவு கொடுக்க வந்தார். ஒக்பூன் குரல் சந்தையின் ஒரு மூலையில் எழுந்தால் மறுமூலையில் கேட்கும். கையைத் தூக்கிக்கொண்டு அளவுக்கு நின்றபடியே இஸ்திரி மேசையைப் பார்த்தார்.

"இங்க இஸ்திரி போடுறவன் யாரு? பாக்க நம்ம பாட்டுக்காரன் மன்சு மாதிரி இருக்கானே."

"அவனேதான் பெரியம்மா" என்றார் மன்சு.

"அவனா? அவன் செத்துட்டான்னுல்ல நெனச்சேன். குரலே கேக்கலையே."

மன்சு சிரித்துச் சமாளித்தார். கிழவி விடவில்லை.

"எம் புருஷன் அறுபதுக்கு நீ பாடுன. அந்தாளு மறுவருஷம் போய்ச் சேந்துட்டாரு. பத்தாயிரம் வருஷம்னு என்னமா பொய் சொன்ன! எனக்கும் வந்து அந்தப் பொய்யச் சொல்லு. சொல்லாம நான் எழுபதத் தாண்ட மாட்டேன்."

"மைக்கு புடிக்க பயம் பெரியம்மா. உள்ள ஒரு மிஷினு இருக்கு."

"நான் பொறந்ததுலேருந்து சிப்பி ஒடைக்கிறேன். எத்தன தடவ கத்தி கையில எறங்கியிருக்கு, தெரியுமா? கத்தியே வேணாம்னு போயிட்டா என் புள்ளைங்க எதத் தின்னிருக்கும்?"

அன்று மாலை இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு மன்சு கேட்டார், "ஏம்மா மிரான், கம்பி இல்லாத மைக்குன்னு ஒன்னு வருதாமே?"

மறுநாளே அவள் பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் கடைக்கு ஓடினாள். அரைநாள் நின்று விசாரித்திருக்கிறாள். கம்பி உண்டா, இல்லை. கரண்ட் உடம்பில் படுமா, படாது. அலை அடிக்குமா, செல்போனைவிடக் கம்மி. சந்தனச் சிமிழ் அளவு மைக், சட்டையில் மாட்டிக்கொண்டு கையை வீசிப் பாடலாம். மாட்டுவதற்கு இரண்டு விதம் இருந்தது. ஒன்று கவ்வுகிற கொக்கி. அவள் முகம் சுளித்தாள். ஒக்பூன் விருந்துக்காக அவருக்கு இளம்பச்சைப் பட்டில் சட்டை தைக்கத் தொடங்கியிருந்தாள். மூச்சுவிட்டால் நூல் நகரும் பட்டு அது. கொக்கி கவ்வினால் இழை அறுந்துவிடும்.

"அப்ப இத எடுத்துக்கங்கக்கா" என்றான் கடைக்காரன். "துணி நோகாத பொத்தான். இந்தத் தட்ட உள்பக்கம் வெச்சு, மைக்க வெளிய வெச்சா போதும். தானா புடிச்சுக்கும். ஓட்ட விழாது."

அது காந்தம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. அவளுடைய பயமெல்லாம் கம்பியிலும் கரண்டிலும் இருந்தது. காந்தம் என்றால் அவளுக்கு அந்தச் சிவப்பு லாடம். கட்டைவிரல் நகம் அளவில் வெள்ளையாக, வழவழவென்று இருந்த இது அவளுக்குப் பொத்தான்.

விருந்து துறைமுகத்தைப் பார்த்த ஒரு மண்டபத்தில், நல்ல வெயில் நாளில் நடந்தது. மேடைக்குப் பின்னால் சின்ன அறையில் மிரான் அவருக்கு உடுத்திவிட்டாள். ஹன்போக் சட்டையின் முடிச்சு வலது மார்பில் விழும். மைக்கை அந்தப் பக்கம் வைத்தால் பட்டு நாடா உரசிச் சரசரக்கும் என்று இடது பக்கம் வைத்தாள். உள்ளே கையை விட்டு, கருவி புடைத்திருக்கும் இடத்தில் அழுத்தாதபடி பார்த்துப் பக்குவமாகத்தான் வைத்தாள். மைக் போய் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது.

அப்போது மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. கொசுவைவிடச் சற்றுப் பெரிய ரீங்காரம், விடாமல் கொஞ்ச நேரம்.

"என்னது அது?" என்றார் மன்சு.

"மைக்கு ஸ்பீக்கரோட சேருது போல."

சத்தம் தானே நின்றது. மன்சு மைக்கில் தட்டிப் பார்த்தார், மண்டபம் முழுக்க எதிரொலித்தது. "சேந்துருச்சு!" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

அன்று அவர் பாடியதை நான் என் காதால் கேட்டேன். முதல் பாட்டில் குரல் துரு ஏறியிருந்தது. இரண்டாவதில் தெளிந்தது. மூன்றாவதில், கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருக்கிறவள் பாடுகிற பாட்டில், மண்டபத்தில் சாப்பிடும் குச்சியைக் கீழே வைக்கும் சத்தம்கூட இல்லை. ஒக்பூன் மேடையேறி அவர் கையைப் பிடித்து ஆடினார். மன்சு கோப்பையை உயர்த்திப் பழைய வேடிக்கையைச் சொன்னார். "பொய்யி! பொய்யி!" என்று கிழவி கத்த, கூட்டமே சிரித்தது. மிரான் தூண் ஓரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாகக் காணாமல் போயிருந்த புருஷன் திரும்பி வந்திருக்கிறார், வேறென்ன?

சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு சுற்று ஆட்டம் பாட்டு இருந்தது. ஆளாளுக்கு ஊட்டிவிட்டதில் மன்சு வயிறு நிறையத் தின்றிருந்தார்.

"கண்ணச் சொருகுது. செத்த நேரம் சாய்றேன்" என்று பின்னறைக்குப் போனார். அடியில் சூடேற்றிய தரை கதகதவென்று இருந்தது.

"மைக்கக் கழட்டிட்டுப் படுங்க."

"கழட்டுனா மறுபடியும் நீ கோணலு, நேருன்னு அரை மணி நேரம் நிப்பாட்டுவ. அணச்சாச்சு, இருக்கட்டும். கூப்பிடு, வர்றேன்."

ஒக்பூனுக்குப் பாவாடைக் கட்டு தளர்ந்துவிட்டது என்று ஆள் வந்தது. மிரான் போனாள். கட்டைச் சரிசெய்து, கிழவி சொன்ன இரண்டு கேலிக்கும் சிரித்துவிட்டு, ஆட்டம் தொடங்கப் போகிறது என்று அவரைக் கூப்பிடத் திரும்பினாள்.

தூங்குவதாகத்தான் நினைத்தாள். தோளைத் தொட்டு, "என்னங்க" என்றாள். பிறகு உதட்டின் நிறத்தைப் பார்த்தாள்.

தான் தைத்த முடிச்சைத் தானே பிய்த்தாள். சட்டையை இரண்டு பக்கமும் விரித்து இழுத்ததில் மைக்கும் உள்தட்டும் தரையில் விழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருண்டன. அவள் அவர் நெஞ்சில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்குமா கேட்குமா என்று அழுத்தி வைத்திருக்கும்போதே அவர் உடம்பு தூக்கிப் போட்டது. அவள் கன்னத்தில் சுரீரென்றது.

"எந்திரிச்சுட்டாரு!" என்று கத்தினாள். "யாராச்சும் வாங்க, எந்திரிச்சுட்டாரு!"

நாங்கள் ஓடினோம். மறுபடி தூக்கிப் போட்டது. மறுபடியும். ஒவ்வொரு முறையும் அவள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு அதுவும் நின்றது. ஒக்பூனின் மகன் நெஞ்சை அழுத்தினான். மண்டபத்தில் இருந்த மின் அதிர்ச்சிப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து தலையைக் குனிந்து நின்றபோது, மிரானின் கையில் அந்தப் பட்டு நாடா இருந்தது.

"கருவி அஞ்சு தடவ முயற்சி பண்ணியிருக்கு" என்றார் டாக்டர். "இதயம் திரும்பல. ரொம்ப நேரமாயிடுச்சு போல."

மல்சுன் கொதித்துப்போனார். "நேரமாயிடுச்சா? நேரமாகக் கூடாதுன்னுதானே உள்ள வெச்சுத் தச்சீங்க! கூடவே இருக்கிற மிஷினுக்கு எப்படி நேரமாகும்? நான் வெறுங்கையால காப்பாத்தினேன்யா எந் தம்பிய!"



மறுநாள் காலை, தகனத்துக்கு முன் அந்தக் கருவியை வெளியே எடுக்க வேண்டும் என்றார்கள். நெருப்பில் போனால் வெடிக்கும். கருவிகளைக் கவனிக்கும் ஹா என்ற இளைஞர் ஒரு பையோடு வந்தார். கூட இருப்பேன் என்று மிரான் பிடிவாதம் பிடித்தாள். வேண்டாம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு, தலைமாட்டில் ஓரமாக நிற்கவிட்டார்.

மன்சுவின் முகம் மூடியிருந்தது. இடது தோள் மட்டும் திறந்திருந்தது. ஹா பையிலிருந்து வளையம் மாதிரி ஒன்றை எடுத்து அந்தப் புடைப்பின் மேல் வைத்தார்.

மெல்லிசாக ஒரு சத்தம் எழுந்தது. கொசுவைவிடச் சற்றுப் பெரிய ரீங்காரம்.

மிரான் தலையை நிமிர்த்தினாள். "அது என்ன சத்தம்?"

"ஒன்னுமில்லம்மா. மிஷின் இன்னும் வேல செய்யுது. அறுக்கும்போது எங்களையே அடிச்சிடக் கூடாதில்ல? அதான் மேல காந்தத்த வெச்சிருக்கேன். காந்தம் பட்டா அது அடிக்கிறத நிறுத்திக்கும். 'காந்தம் இருக்கு'ன்னு சொல்றதுக்குத்தான் இந்தச் சத்தம்."

"அடிக்கிறத நிறுத்திக்குமா?"

"ஆமாம்மா. காந்தம் இருக்கிற வரைக்கும்."

"எடுத்துட்டா?"

"எடுத்த உடனே பழையபடி காவலுக்கு வந்துடும். துடிப்பு கெட்டிருந்தா உடனே அடிக்க ஆரம்பிச்சிடும்."

அவள் தன் கட்டைவிரலைக் காட்டினாள். "இந்த நகம் அளவு காந்தம். சட்டைக்குள்ள, இங்க வெச்சா?"

ஹா அவளைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வளையத்தைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"அம்மா... அது சின்னதா இருந்தாலும் சிலது ரொம்ப வலுவா இருக்கும். காதுல மாட்டுற கருவியோட டப்பா, கைக்கடிகாரப் பட்டை, இதுலகூட இருக்கு. ஒரு சாண் தள்ளியே இருந்தா ஒன்னும் ஆகாது. ஆனா நிச்சயமாச் சொல்ல முடியாது. மிஷின எடுத்து உள்ள என்ன பதிவாகியிருக்குன்னு பாத்தாத்தான்..."

"வேணாம் தம்பி" என்றாள். "எனக்குத் தெரியும். நேத்து இதே மாதிரிதான் கத்துச்சு. நாந்தான் மைக்கு சேருதுன்னு சொன்னேன்."

அவள் அழவில்லை. அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலேயே கீழே இருந்த இரங்கல் அறையில் செவ்வந்திப் பூக்களுக்கு நடுவில் மன்சுவின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்குக் காரமான மாட்டிறைச்சிச் சூப்பும் சோஜு மதுவும் போய்க்கொண்டிருந்தன. ஒரு மேசையில் மல்சுனும் உறவுக்காரர்களும் ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றொரு பக்கம் ஒக்பூன் தரையில் மண்டியிட்டு, நெஞ்சில் அடித்து அழுதுகொண்டிருந்தார். "சும்மா கெடந்தவன நாந்தானே நோண்டி நோண்டிக் கூட்டியாந்தேன்! எழுபதத் தாண்டணும்னு ஆசப்பட்டேனே, எந்த மூதேவிக்கு வேணும் இந்த எழுபது!"

மிரான் துக்கத்துக்குச் செருகும் வெள்ளைப் பூவூசியைக் கூந்தலில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஒக்பூனைத் தூக்கி உட்கார வைத்தாள். பிறகு மல்சுனின் மேசைக்கு வந்து நின்றாள்.

"அண்ணி, யார் மேலயும் வழக்குப் போட வேணாம். மிஷின் கெட்டுப்போகல. நான் அத நிறுத்தி வெச்சிருந்தேன்."

அவள் சொன்னாள். பட்டு, கொக்கி, பொத்தான், சத்தம், கீழே விழுந்ததும் தூக்கிப்போட்டது, எல்லாவற்றையும் கோவையாக, யாரோ ஒருத்தி கதையைச் சொல்வது போலச் சொன்னாள். ஒரு சொல்கூடத் தனக்குச் சாதகமாகத் திருப்பவில்லை.

மல்சுன் எழுந்தார்.

"துணியில ஓட்ட விழக் கூடாதுன்னா?"

"ஆமா அண்ணி."

"ஒரு முழம் துணிக்காடி? எந் தம்பி உசிரு... ஒரு முழம் துணிக்கா?"

மிரான் தலைகுனிந்து நின்றாள். மல்சுன் ஓங்கிய கையை இறக்கினார். அடித்திருந்தாலும் தேவலை என்றாள் மிரான் பின்னால் என்னிடம். அடிக்கவில்லை. "எம் மூஞ்சியில முழிக்காத" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தகனத்துக்கு வந்தார், பெட்டிக்கு மறுபக்கத்தில் நின்றார். மலைச்சரிவில் அஸ்திக் கலசங்கள் வைக்கும் மண்டபத்துக்கு அஸ்தி போனபோதும் வந்தார். மிரானிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு மிரான் கடையைத் திறந்தாள், மூடினாள். பட்டைத் தொட்டால் கை பின்வாங்குகிறது என்று பருத்தியும் சணலும் மட்டும் தைத்தாள். நான் பணியாரம் கொண்டுபோய் வைத்தால் மாலையில் அது காய்ந்து அப்படியே இருக்கும். "அவரு பாட்டுக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தாரே. பாடலேன்னா என்ன? நாந்தான் பாடணும்னு ஆசப்பட்டேன்" என்பாள். "பாட ஆசப்பட்டது அவரும்தானே" என்றால் தலையாட்டுவாள், கேட்டுக்கொள்ள மாட்டாள்.

ஒருநாள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக் கடைக்குப் போனாள். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கடைக்காரனிடம் நடந்ததைச் சொன்னாள். பாவம், அவனும் சின்ன வயசுக்காரன், முகம் வெளுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "தம்பி, ஒன் மேல தப்பில்ல. நான் கரண்டப் பத்தித்தான் கேட்டேன், இதப் பத்திக் கேக்கல. இனிமே வாங்க வர்றவங்ககிட்ட, நெஞ்சுல மிஷின் இருக்கான்னு நீயே கேட்டுரு. அவங்க கேப்பாங்கன்னு காத்திருக்காத" என்றாள். அவன் எழுந்து இடுப்பை வளைத்து வணங்கினான். திரும்பி வரும்போது பேருந்தில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்போதும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

குளிர் இறங்கி, வீட்டுக்கு வீடு கோசில் கிம்ச்சி ஊறுகாய் போடும் பருவம் வந்தது. ஒரு காலை மிரான் கடை போன் அடித்தது. எடுத்தவள் நிமிர்ந்து நின்றாள்.

"நாந்தான்" என்றது மல்சுனின் குரல். பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது. "கோசு வந்து எறங்கியிருக்கு. எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. ஒத்த ஆளாப் பண்ண முடியாது."

"வர்றேன் அண்ணி."

"மனசு மாறிட்டேன்னு நெனச்சுக்காத. கோவம் தீரல. தீருமான்னும் தெரியல. ஆனா அவன் எப்படிச் சிரிப்பான், எப்படிக் கொறட்ட விடுவான்னு தெரிஞ்ச ஆளு எனக்கு வேற யாரு இருக்கா? ரப்பர் கையுறை எடுத்துட்டு வா. இங்க இருக்கிறது கிழிஞ்சு கெடக்கு."

மிரான் போனாள். நடந்ததை மறுநாள் வந்து சொன்னாள். வாசலில் உப்பில் ஊறிய கோசு மலை மாதிரி கிடந்ததாம். இருவரும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து, இலை இலையாக விரித்து மசாலா தடவினார்கள். சிப்பி எவ்வளவு சேர்ப்பது என்பதில் ஒரு சின்னச் சண்டை வந்தது. "எங்க வீட்டுல இவ்வளவுதான் போடுவோம்" என்றார் மல்சுன். "அவருக்கு நெறைய போட்டாத்தான் புடிக்கும்" என்றாள் மிரான். சொன்ன பிறகுதான் இருவருக்கும் அந்த வார்த்தை சுட்டது.

மல்சுன் குனிந்தபடியே ஒரு குருத்து இலையைக் கிள்ளினார். மசாலாவையும் இரண்டு சிப்பியையும் அதில் வைத்துச் சுருட்டி, "வாயத் தெற" என்றார்.

மிரான் வாயைத் திறந்தாள். சிவப்புக் கையுறையோடு அந்தக் கை அவள் வாயில் திணித்தது. கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் திணித்தது. அவள் மென்றாள். மெல்லும்போதே தோள் குலுங்கத் தொடங்கியது. அத்தனை மாதமாக வராத அழுகை, வாய் நிறையக் கிம்ச்சியோடு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வந்தது. கண்ணைத் துடைக்கப் போனாள். கையெல்லாம் மிளகாய்.

"தொடாதடி, எரியும்" என்று மல்சுன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தன் முழங்கையின் உள்பக்கத்தால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு தானும் அழுதார். வேலை அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து மல்சுன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உப்பு பத்தலையோ?" என்று கேட்டார்.

"பத்தல அண்ணி" என்றாள் மிரான்.